கம்ப்யூட்டர் ஹேங் ஆனால் கெர்னல் பதிவை எடுத்துப் படிப்பது எப்படி?

ஹட்டனில் நான் மாலை வகுப்பு எடுக்கும் அறையில் பழைய டெஸ்க்டாப் ஒன்று இருக்கிறது. லினக்ஸ் மின்ட் போட்டது. உயர்தர ஐசிடி பிள்ளைகள் ஆறு பேருக்கும் அது ஒன்றுதான். பகலில் நான் தனியாக வேலை செய்தால் ஒரு குறையும் இருக்காது. மாலை ஐந்தரைக்கு மேல்தான் ஹேங் ஆகும். மவுஸ் அசையும், ஆனால் எதையும் திறக்க முடியாது. விளக்குப் போடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்குகிறது என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். சீட்டுக் காசில் யூபிஎஸ் வாங்கினோம். ஒரு கடையில் பவர் சப்ளையையும் மாற்றிக் கொடுத்தார்கள். மறுநாள் மாலை திரும்பவும் அதே கதை.

அப்புறம்தான் கெர்னல், அதாவது டிஸ்க், மவுஸ் போன்ற பாகங்களோடு நேரே பேசும் லினக்ஸின் மையப் பகுதி, என்ன எழுதி வைத்திருக்கிறது என்று பார்க்க உட்கார்ந்தேன். அதை முதலிலேயே செய்திருந்தால் அந்தக் காசு மிஞ்சியிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

டெர்மினல் திறக்கவும் சுடோ போடவும் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். கட்டளைகளை வகுப்பில் வாய்விட்டுச் சொல்வது போலவே எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்து. பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்கிறேன்.

படி 1: இப்போது நடப்பதைப் பார்ப்பது

"சுடோ டிமெஸ்ஜி" என்று தட்டுங்கள், கெர்னல் எழுதிய செய்திகள் வரும். டி (டெஸ்க்டாப்பின் டி), எம், ஈ, எஸ், ஜி, ஐந்தே எழுத்து. சுடோ இல்லாமல் போட்டால் உபுண்டு 20.10 முதல் அனுமதி இல்லை என்றுதான் வரும். வரிகளின் தொடக்கத்தில் [4127.318802] போல ஓர் எண் இருக்கும். கம்ப்யூட்டர் கிளம்பி எத்தனை நொடி ஆயிற்று என்பதே அது. ஹைஃபன் போட்டுப் பெரிய எழுத்து டி (டைமின் டி) சேர்த்தால் தேதியும் மணியும் வரும். ஆனால் மெஷினைத் தூங்கவிட்டு எழுப்பியிருந்தால் அந்த மணி பிசகும். எனக்கு நொடிக் கணக்கே போதும்.

கெர்னல் தன் செய்திகளுக்கு 0 முதல் 7 வரை தரம் போடுகிறது. 0 மிக அவசரம், 3 பிழை, 4 எச்சரிக்கை, 7 வெறும் சோதனைக் குறிப்பு. "--லெவல்=எர்,வார்ன்" என்று சேர்த்தால் பிழையும் எச்சரிக்கையும் மட்டும் வரும். தொடக்கத்தில் இதுவே போதும்.

படி 2: போன தடவை நடந்ததைப் பார்ப்பது

டிமெஸ்ஜி காட்டுவது நினைவகத்தில் இருக்கும் வட்டமான ஒரு இடத்தை. இடம் நிரம்பினால் பழையதை அழித்துப் புதியது ஏறும். மெஷின் அணைந்தால் எல்லாம் போய்விடும். ஹேங் ஆனதை ரீஸ்டார்ட் செய்த பிறகு அதில் தேடிப் பயனில்லை. லினக்ஸ் செய்திகளைக் கோப்புகளில் சேர்த்து வைக்கும் பதிவேடு ஒன்று உண்டு, அதன் பெயர் ஜர்னல். அதைப் படிக்க "சுடோ ஜர்னல்சிடிஎல் -கே -பி -1" என்று போடுங்கள். கே என்றால் கெர்னல் மட்டும், பி (பூட்டின் பி) -1 என்றால் மெஷின் முந்தைய தடவை ஓடியபோது வந்தவை.

நான் சறுக்கியது இங்கேதான். முந்தைய பதிவு சுத்தமாக இருந்தது. யூஎஸ்பி மவுஸ் செருகிய செய்தி, நெட்வொர்க் வந்த செய்தி, அவ்வளவுதான். ஒரு பிழைகூட இல்லை. கெர்னலுக்கு எதுவும் தெரியவில்லை, ஆகவே கரண்ட்தான் என்று இரண்டு வாரம் விட்டுவிட்டேன்.

உண்மை வேறு. ஜர்னல் தனக்கு வரும் செய்திகளை ஹார்ட் டிஸ்க்கில் உறுதியாகப் பதிவது சாதாரணமாக 5 நிமிடத்துக்கு ஒரு முறை. தரம் 2 அல்லது அதற்கும் அவசரமான செய்தி வந்தால்தான் உடனே பதியும். பிழைச் செய்தி 3ஆம் தரம். பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தால் கடைசி நிமிடங்கள் தொலைந்துவிடும். நமக்கு வேண்டியது அந்த நிமிடங்கள்தான்! ஜர்னலின் அமைப்புக் கோப்பான "ஜர்னல்டி.கான்ஃப்"இல் "சிங்க்இன்டர்வல்செக்" (சிங்க், இன்டர்வல், செக் மூன்றின் முதலெழுத்தும் பெரிய எழுத்து) என்ற இடத்தில் 10 நொடி என்று வைத்தால் இது குறையும். வேலை முடிந்ததும் பழையபடி மாற்றிவிடுங்கள். மெமரி கார்டில் ஓடும் மெஷினில் அடிக்கடி எழுதுவது நல்லதில்லை.

அப்படியும் எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. பதிவை எழுத வேண்டிய டிஸ்க்கே அந்த நேரத்தில் பதில் சொல்லாமல் இருந்தால் எங்கே எழுதுவது?

படி 3: வேறொரு திரையில் ஓடவிடுவது

போனில் டெர்மினல் தரும் டெர்மக்ஸ் செயலியைப் போட்டு, அதில் வேறொரு கம்ப்யூட்டருக்குள் நுழைய உதவும் ஓபன்எஸ்எஸ்ஹெச் நிறுவிக்கொள்ளுங்கள். டெஸ்க்டாப்பில் ஓபன்எஸ்எஸ்ஹெச் சர்வர் வேண்டும். இரண்டும் ஒரே ரவுட்டரில் இருக்க, போனிலிருந்து உள்ளே போய் "சுடோ டிமெஸ்ஜி -டபிள்யூ" கொடுத்துவிட்டு அப்படியே வைத்திருங்கள். புதுச் செய்தி வர வர வரி ஓடும். ஜர்னல்சிடிஎல்லிலும் இப்படி ஓடவிடலாம், ஆனால் அது ஜர்னல் கோப்புகளிலிருந்து படிப்பது. டிஸ்க்கைச் சந்தேகித்தால் டிமெஸ்ஜிதான் சரி, அது கெர்னலிடமிருந்து நேரே வாங்குகிறது.

அன்று மாலை போனை மேசையில் சாய்த்து வைத்துவிட்டு வகுப்பைத் தொடங்கினேன். ஆறே காலுக்கு வரிகள் கொட்டின. "ஏடிஏ1.00" என்று தொடங்கி, "ஃபெயில்ட் கமாண்ட்", அதன் கீழே வளைவு அடைப்புக்குள் "ஐசிஆர்சி ஏபிஆர்டி". பிறகு "ஹார்ட் ரீசெட்டிங் லிங்க்". கடைசியில் கோப்பு முறைமையைப் படிக்க மட்டும் என்று மாற்றிவிட்டதாக ஒரு வரி.

அந்த அடைப்புக்குள் இருக்கும் சொல்லைப் பாருங்கள். "யுஎன்சி" என்றிருந்தால் டிஸ்க்கின் உள்ளேயே படிக்க முடியாத இடம் இருக்கிறது, உடனே நகல் எடுங்கள். "ஐசிஆர்சி" என்றால் டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவில் போகும் வழியில் தரவு கெடுகிறது. பெரும்பாலும் கேபிள்.

பெட்டியைத் திறந்தேன். சாட்டா கேபிளின் சின்ன உலோகக் கொக்கி முறிந்து, விரலால் தொட்டாலே ஆடியது. பெட்டி மேசைக்கு அடியில் இருக்கிறது. மாலையில் ஆறு பிள்ளைகள் நெருங்கி உட்காரும்போது முழங்கால் அதில் இடிக்கும். பகலில் நான் மட்டும்தானே!

கேபிளை மாற்றிப் பெட்டியைச் சுவரோரம் தள்ளினேன். டிஸ்க்கின் நலத்தைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையின் பட்டியலில் 199 என்று எண் போட்ட வரி இந்த வகைப் பிழைகளின் எண்ணிக்கை. அது குறையாது, கூடாமல் நின்றால் சரி. என்னுடையது நின்றுவிட்டது.

பின்சேர்க்கை: பண்டாரவளையிலிருந்து ஒரு தம்பி, ராஸ்பெரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டரில் முந்தைய தடவையின் பதிவே இல்லை, ஜர்னலை அணைத்த பிறகும் நிலைக்க வைக்கும்படி ஸ்டோரேஜை "பெர்சிஸ்டன்ட்" ஆக்கியும் பலனில்லை என்று எழுதியிருந்தார். முதன்மை அமைப்புக் கோப்பில் நாம் எழுதியதை, லினக்ஸோடு வரும் துணைக் கோப்பு ஒன்று மீறலாம். "சிஸ்டம்டி-அனலைஸ் கேட்-கான்ஃபிக் சிஸ்டம்டி/ஜர்னல்டி.கான்ஃப்" என்று போட்டால் எல்லாக் கோப்பும் வரிசையாகத் தெரியும். "ஈடிசி"க்குள் இருக்கும் ஜர்னல்டி துணைக் கோப்புறையில் 99 என்று தொடங்கும் பெயரில் உங்கள் கோப்பை வையுங்கள், அது கடைசியில் வந்து ஜெயிக்கும்.

இன்னொன்று: தலவாக்கலையில் ஒரு அக்காவுக்குப் பதிவின் தேதிகள் முன்னுக்குப் பின் முரணாக வந்தன. ராஸ்பெரி பை 4இல் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. இன்டர்நெட் கிடைக்கும்வரை மணி தப்பாகவே ஓடும். ஜர்னல்சிடிஎல்லோடு "-ஓ ஷார்ட்-மோனோடோனிக்" சேர்த்து நொடிக் கணக்கில் பாருங்கள்.