எவ்வளவு நேரம் சுற்றுகிறது என்று பார்த்து சென்டர்பின் ரீல் வாங்காதீர்கள்

இங்கிலாந்தில் மார்ச் 15 முதல் மூன்று மாதம் ஆறுகளில் ரோச், சப் போன்ற மீன்களுக்குத் தூண்டில் போடத் தடை. ஜூன் 16 அன்று மறுபடி திறக்கும். இந்த வருஷம் அன்று காலை டிரென்ட் ஆற்றங்கரையில் எனக்குப் பக்கத்து இடத்தில் இரண்டு இளைஞர்கள் இருந்தார்கள். இருவரிடமும் புதிதாக வாங்கிய பழைய சென்டர்பின் ரீல்கள், அதாவது தூண்டில் நரம்பைச் சுற்றிவைக்கும் எளிய சக்கரங்கள். ஒருவர் விரலால் தட்டி ரீலைச் சுழலவிட, மற்றவர் போனில் நொடிகளை எண்ணினார். 50 நொடியைத் தாண்டியதும் இருவர் முகத்திலும் அப்படி ஒரு சந்தோஷம். அரை மணி நேரத்தில் அதே ரீலைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். தக்கை நகரவில்லை. நகர்ந்தால் நரம்பு சிக்கிக்கொண்டது.

நானும் இதே காரணத்துக்காக ஒரு காலத்தில் 170 பவுண்டு தண்டம் அழுதவன். அதனால்தான் பழைய சென்டர்பின் வாங்குபவர்கள் செய்யும் தவறுகளை ஒவ்வொன்றாக எழுதுகிறேன். உடைந்த கைப்பிடி, துரு, காணாமல்போன ஸ்குரூ இதெல்லாம் பார்த்தாலே தெரியும், விட்டுவிடுகிறேன்.

சுற்றும் நேரத்தை நம்புவது

சென்டர்பின் என்பது கிணற்று ராட்டினம் மாதிரி எளிமையான பொருள். பல்சக்கரம் கிடையாது. நடுவில் ஒரு எஃகு ஊசி, அதன்மேல் நரம்பு சுற்றிய டிரம், அவ்வளவுதான். ஆற்று நீர் தக்கையை இழுக்கிறது, தக்கை நரம்பை இழுக்கிறது, நரம்பு டிரம்மைச் சுற்றுகிறது. நம் கட்டைவிரல் டிரம்மின் விளிம்பில் லேசாகப் பட்டுக்கொண்டு, தக்கையை நீரோட்டத்தைவிடக் கொஞ்சம் மெதுவாகப் போகவிடுகிறது. ரோச், சப், கிரேலிங் போன்ற ஆற்று மீன்கள் எல்லாம் அப்படி இயல்பாக மிதந்து வரும் இரையைத்தான் நம்பி எடுக்கும்.

இதில் டிரம்மைச் சுழற்றும் விசை எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். சில கிராம் எடையுள்ள ஒரு தக்கையின் இழுப்பு. அந்தச் சின்ன இழுப்புக்கு நின்ற இடத்திலிருந்து கிளம்புகிறதா, விரல் பட்டதும் அடங்குகிறதா, இந்த இரண்டுதான் ரீலின் தரம். விரலால் ஓங்கித் தட்டினால் எவ்வளவு நேரம் சுற்றும் என்பது வேறு கணக்கு. விளிம்பு கனமான டிரம் அதில் எப்போதும் ஜெயிக்கும், ஏனென்றால் ஒருமுறை வேகம் எடுத்தால் அதன் கனமே அதை ஓட்டிக்கொண்டிருக்கும். ஆற்றில் அதே கனம்தான் எதிரி. கிளம்ப மறுக்கும். கிளம்பிய பிறகு தக்கை ஒரு சுழிக்குள் போய் நின்றாலும் டிரம் நிற்காது, நரம்பைக் கொட்டிக்கொண்டே இருக்கும்.

நான் வாங்கிய ரீலின் வீடியோவில் அது ஒரு நிமிஷத்துக்கு மேல் சுற்றியது. வந்ததும் நானும் சுற்றிப் பார்த்தேன், உண்மைதான். அந்தச் சனிக்கிழமையே ஆற்றுக்குப் போனேன். வேகமான நீரில் சமாளித்தது. மெதுவான நீரில் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் தயங்கி நின்றது. தக்கை தலை சாய்ந்து, இரை தரையிலிருந்து மேலே எழும்பிவிடும். நாள் முழுக்க ஒரு மீன்கூடத் தொடவில்லை. பத்தடி தள்ளி ஒரு பெரியவர் கீறல் விழுந்த யங் ராபிடெக்ஸ் ரீலை வைத்து ரோச் மீன்களாக எடுத்துக்கொண்டிருந்தார்.

லேத் பட்டறையில் பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. விற்றவர் எண்ணெய், கிரீஸ் எல்லாவற்றையும் துடைத்து எடுத்து, நரம்பே இல்லாத வெறும் டிரம்மைச் சுற்றிப் படம் எடுத்திருக்கிறார். எண்ணெயின் பிடிப்பு இல்லாததால் கூடுதலாகச் சில நொடிகள் கிடைக்கும். ஆனால் அப்படி உலர்ந்தே ஓடி ஓடி உள்ளே ஊசியைச் சுற்றி இருந்த பித்தளைக் குழாய், அதாவது புஷ், ஒரு பக்கம் தேய்ந்து போயிருந்தது. வேகமாகச் சுற்றும்போது டிரம் அந்த இடத்தைத் தாண்டிவிடும். மெதுவாகச் சுற்றும்போது அங்கேயே நிற்கும். புதுப் புஷ் கடைந்து போட 65 பவுண்டு. அதன் பிறகும் டிரம்மின் கனம் கனம்தானே? கடைசியில் 90 பவுண்டுக்குக் கொடுத்தேன், வாங்கியவரிடம் எல்லாவற்றையும் சொல்லித்தான்.

சரி, எப்படிச் சோதிப்பது? டிரம்மில் நரம்பு சுற்றியிருக்க வேண்டும், ஊசியில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் இருக்க வேண்டும். நரம்பு நுனியில் 2 கிராம் எடை ஒன்றைக் கட்டித் தொங்கவிடுங்கள். கையை எடுத்ததும் டிரம் தானாகக் கிளம்ப வேண்டும். அப்புறம் டிரம்மைக் கால் சுற்று திருப்பி நிறுத்தி மறுபடி, இன்னொரு கால் சுற்று, மறுபடி. நான்கு இடத்திலும் கிளம்பினால் நல்ல ரீல். ஓரிடத்தில் மட்டும் மக்கர் செய்தால் ஊசி வளைந்திருக்கலாம், புஷ் தேய்ந்திருக்கலாம், டிரம் ஒரு பக்கம் கனத்திருக்கலாம். இணையத்தில் வாங்குவதானால் இந்தச் சோதனையை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

இதைப் பழைய ஆட்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். 1890-களில் நாட்டிங்காமைச் சேர்ந்த ஹென்றி காக்சன் வடிவமைத்து, ரெடிச் ஊரின் ஆல்காக் கம்பெனி செய்த ஏரியல் ரீலின் டிரம்மைப் பாருங்கள். சைக்கிள் சக்கரம் போல மெல்லிய ஆரக்கம்பிகள். அத்தனை உழைப்பும் டிரம்மின் கனத்தைக் குறைப்பதற்காக. இன்று அதே ஏரியலை வாங்குபவர்கள் நொடி எண்ணுவதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

பெண்டு பார்க்காமல் விடுவது

சைக்கிள் கடையில் சக்கரத்தின் பெண்டு எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். விளிம்புக்குப் பக்கத்தில் ஒரு பென்சிலைப் பிடித்து டிரம்மை மெதுவாகச் சுற்றுங்கள். பென்சில் நுனிக்கும் விளிம்புக்கும் உள்ள இடைவெளி மாறக் கூடாது. மாறினால், எப்போதோ கீழே விழுந்த ரீல். விளிம்பு மட்டும் லேசாக வளைந்திருந்தால் விலையைக் குறைத்து வாங்கலாம். ஊசியே வளைந்திருந்தால் வைத்துவிட்டு நகருங்கள்.

டிரம்முக்குப் பின்னால் உள்ள சந்து

பல பழைய ரீல்கள் தடித்த நூலுக்காகச் செய்யப்பட்டவை. இன்றைய மெல்லிய நரம்பு டிரம்முக்கும் பின்தட்டுக்கும் நடுவே புகுந்து ஊசியில் சுற்றிக்கொள்ளும். குளிரில் விரைத்த விரல்களோடு ஆற்றங்கரையில் ரீலைப் பிரிக்க வேண்டிவரும். 3 பவுண்டு எடை தாங்கும் மெல்லிய நரம்புத் துண்டு ஒன்றை எடுத்துப்போய் அந்தச் சந்தில் நுழைத்துப் பாருங்கள். தாராளமாக நுழைந்தால் வேண்டாம்.

பெரிதாக இருக்கிறதே என்று கடல் ரீலை வாங்குவது

ஆற்றுக்கு 3½ முதல் 4½ அங்குல விட்டம் போதும். ஆறங்குல மர ரீல் பாறைக்கரையிலிருந்து காட் என்ற கடல் மீனைப் பிடிக்கச் செய்தது. அதேபோல, நிறுத்தவே முடியாத கிளிக் சத்தத்தோடு சுற்றும் குறுகிய ரீல், பூச்சி போன்ற போலி இரையை வீசிப் பிடிப்பவர்களின் ஃப்ளை ரீலாக இருக்கும். அதில் தக்கை ஓடாது.

மர ரீல்

ஈரத்தில் ஊதும், வெயிலில் கோணும். அலமாரியில் வையுங்கள்.

பேக்லைட்

பழைய காலத்துப் பிளாஸ்டிக் இது. மயிரிழை விரிசலுக்கு டார்ச் அடித்துப் பாருங்கள்.

கண்ணாடி போல மெருகேற்றியது

பழைய பூச்சு போனால் மதிப்பும் போயிற்று. விலை மட்டும் ஏறியிருக்கும்.

சாமான் பெட்டியோடு சேர்த்து வாங்குவது

ரீலோடு, நரம்பில் எடைக்காகக் கட்டும் பழைய ஈயக் குண்டுகளும் வரும். அன்னப்பறவைகள் அவற்றை விழுங்கிச் செத்ததால் சிறிய ஈயக் குண்டுகளுக்கு 1987-லிருந்து இங்கே தடை. ஒன்றைக்கூட ஆற்றில் போடாதீர்கள்.

பாதத்தை அளக்காமல் வாங்குவது

தூண்டில் கம்பில் ரீலைப் பொருத்தும் தகட்டைத்தான் பாதம் என்கிறேன். பழைய ரீல்களில் அது நீளமாகவும் தடிமனாகவும் இருக்கும், இன்றைய கம்புகளின் இருக்கையில் பல நேரம் உட்காராது. என் நண்பர் ஒருவர் நல்ல ஏரியல் ஒன்றின் பாதத்தை அரத்தால் ராவிக் குறைத்துவிட்டார். எழுபது வருஷம் பத்திரமாக இருந்த ரீல் அது, அந்த ஒரு சாயங்காலத்தில் பாதி விலைக்கு இறங்கியது. நகரும் வளையங்கள் உள்ள கார்க் பிடிக் கம்பு ஒன்றை வாங்குங்கள், பெரும்பாலான பாதங்கள் அதில் உட்காரும்.