ஐடிலில் அணைகிறதா பழைய ஸ்போர்ட்ஸ் கார்?

மேட்டுப்பாளையத்தில் ஒழுங்காக ஓடிய வண்டி, ஊட்டி சேரிங் கிராஸ் நெரிசலில் நின்றதும் ஆர்பிஎம் முள் ஏறி இறங்கி, அப்புறம் அணைந்தே போகிறதா? 1980, 90களின் எரிபொருள் இன்ஜெக்‌ஷன் வண்டியென்றால் முதலில் ஐடில் வால்வைப் பாருங்கள். ஆக்சிலரேட்டரில் கால் இல்லாதபோது இன்ஜினுக்குக் காற்று விடுவது அதுதான். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்துவிடுவதால் வால்வு கூடுதலாகத் திறக்க வேண்டியிருக்கும். உள்ளே எண்ணெய்ப் பிசுக்கும் கரியும் ஒட்டியிருந்தால் எங்கே திறப்பது?

இன்ஜின் ஆறட்டும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள் (பழைய ரேடியோ மறுபடி இயங்க ரகசிய எண் கேட்கும், முன்பே தேடி வையுங்கள்). கனெக்டரையும் ஹோஸ்களையும் எடுத்து வால்வை வெளியே கொண்டுவாருங்கள். போர்ஷே 944-ல் அது இன்டேக் மேனிஃபோல்டுக்கு (இன்ஜினுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாய்த் தொகுதி) அடியில் ஒளிந்திருக்கும், பொறுமை வேண்டும்.

காற்றுத் துளைக்குள் த்ராட்டில் பாடி கிளீனர் ஸ்ப்ரேயை அடித்து, துளையைக் கீழ்நோக்கிப் பிடியுங்கள். முதலில் டிகாக்‌ஷன் மாதிரி கறுப்பாக வடியும். தெளிவாக வரும்வரை திரும்பத் திரும்ப அடிக்கலாம். வால்வின் மின்மோட்டார் பக்கம் திரவம் போகக் கூடாது, ஊறப்போடவே வேண்டாம். ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினால் வால்வு போச்சு. பாஷ் நிறுவனத்தின் சுழல் வகை வால்வு என்றால், கையில் பிடித்து வெடுக்கென்று திருப்பும்போது உள்தகடு தடையில்லாமல் ஆட வேண்டும்.

மாட்டும்போது ஹோஸ்களை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் மாற்றிவிடுங்கள். அதன் வழியாகக் காற்று புகுந்தாலும் இதே ஆட்டம்தான். கிளீனர் எளிதில் தீப்பிடிக்கும், மலைக் குளிரில் காயவும் நேரமாகும். நன்றாகக் காய்ந்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்.