இன்டர்வியூ ஆங்கிலம்: கொலுசுப் பட்டறை நோட்டிலிருந்து ஆரம்பிக்கலாம்

சேலத்தில் கல்லூரி முடித்து வேலை தேடும் பலருக்கு ஆங்கிலம் படித்தால் புரியும். மெயில் வந்தால் அர்த்தமும் சொல்லிவிடுவார்கள். ஆனால் எதிரே ஒருவர் உட்கார்ந்து "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று ஆங்கிலத்தில் கேட்டால் பெயர், ஊர், அப்பாவின் தொழில் என்பதோடு பேச்சு நின்றுவிடும். என் சித்தி மகளை ஒரு கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் வேலைக்குத் தயார் செய்தபோது நாங்கள் கையாண்ட முறையை இங்கே எழுதுகிறேன். பத்தாம் வகுப்பு அளவுக்கு இலக்கணம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: செய்த வேலையைத் தமிழில் எழுதுங்கள்

"தினம் பத்து வார்த்தை" வீடியோக்களை முதலில் மூடுங்கள். அவற்றில் வரும் சொற்களில் பாதி மேடைப் பேச்சுக்குத்தான் ஆகும். உங்களுக்குத் தேவையான சொற்கள் உங்கள் வேலைக்குள்ளேயே இருக்கின்றன.

சித்தி மகள் செவ்வாய்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் இருந்தாள். "அனுபவம்னு ஒண்ணும் இல்லண்ணா, சும்மா நோட்டு எழுதினேன்" என்றாள். என்ன நோட்டு என்று கேட்டு அதைத் தமிழிலேயே எழுதச் சொன்னேன். அவள் எழுதியது இது:

"காலையில் வேலைக்காரர்களுக்கு வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பேன். கொலுசு முடிந்து வந்ததும் மறுபடி எடை போடுவேன். சேதாரம் போக, கொடுத்ததும் வந்ததும் சரியாக இருக்கிறதா என்று ஒத்துப் பார்ப்பேன். குறைந்தால் எந்தச் சீட்டில் குறைந்தது என்று தேடிக் கண்டுபிடிப்பேன். சனிக்கிழமை கூலி கணக்குப் போடுவேன்."

பெரிய கம்பெனியில் ஸ்டோர்ஸுக்கு ஒருவர், அக்கவுண்ட்ஸுக்கு ஒருவர் என்று ஆள் வைத்துச் செய்கிற வேலை இது. சும்மா நோட்டாம்!

படி 2: வினைச்சொற்களைப் பிரித்தெடுங்கள்

ஸ்டாக், லெட்ஜர், இன்வாய்ஸ் எல்லாம் ஏற்கெனவே நம் வாயில் இருக்கின்றன. தடுமாறுவது வினைச்சொல்லில்தான். மேலே உள்ள வரிகளிலிருந்து இஷ்யூ, வெய், ரீகன்சைல், ட்ரேஸ், கால்குலேட் என்று ஐந்து வினைகள் கிடைத்தன.

அப்புறம் நௌக்ரியிலோ லிங்க்டுஇன்னிலோ நீங்கள் போடப்போகும் வேலைக்கான விளம்பரங்கள் சிலவற்றைத் திறந்து பாருங்கள். மெயின்டெயின், வெரிஃபை, ப்ரிப்பேர், கோஆர்டினேட், ஃபாலோ அப் என்று அதே வினைகள் திரும்பத் திரும்ப வரும். நீங்கள் உண்மையிலேயே செய்தவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பட்டியல் இல்லாமல் படிக்கவே வராது என்பவர்களுக்கு: மைக்கேல் வெஸ்ட் 1953-இல் வெளியிட்ட ஜெனரல் சர்வீஸ் லிஸ்டில் சுமார் 2,000 சொற்கள் உண்டு. டாக்காவில் ஆங்கிலம் கற்பித்தவர் அவர். 2013-இல் வந்த நியூ ஜெனரல் சர்வீஸ் லிஸ்டில் சுமார் 2,800 சொற்கள். பொதுவான ஆங்கிலத்தில் கண்ணில் படும் சொற்களில் ஏறக்குறைய 92 சதவீதம் அதற்குள் அடங்கிவிடும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. வரிசையாக மனப்பாடம் செய்யாமல், தெரியாததற்கு மட்டும் டிக் போடுங்கள்.

படி 3: சொல்லைத் தனியாக எழுதாதீர்கள்

மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நாம் எந்த ஆங்கிலச் சொல்லோடும் "பண்ணு" சேர்த்துக் காரியத்தை முடித்துவிடுவோம். மிஸ்டேக் பண்ணிட்டேன், டிசிஷன் பண்ணிட்டாங்க, கம்ப்ளைன்ட் பண்ணினார். தமிழில் பேசும்வரை ஒரு குறையும் இல்லை. ஆங்கிலத்துக்குத் தாவும்போது இந்தப் "பண்ணு" எல்லாம் "டூ" ஆகிவிடுகிறது. "ஐ டிட் எ மிஸ்டேக்" பிறப்பது அங்கேதான். ஆங்கிலத்தில் மிஸ்டேக்குக்கும் டிசிஷனுக்கும் "மேக்" வர வேண்டும். டெட்லைன் என்றால் "மீட்" அல்லது "மிஸ்". ரெஸ்பான்சிபிலிட்டி என்றால் "டேக்". இந்த ஜோடியை ஆங்கிலம்-தமிழ் அகராதி பெரும்பாலும் காட்டாது.

அதனால் நோட்டில் "டெட்லைன் = கெடு" என்று எழுதாதீர்கள். "மீட் தி டெட்லைன்" என்று முழுசாக எழுதுங்கள். பின்னால் ஒட்டும் சின்னச் சொல்லையும் விடாதீர்கள்: ரெஸ்பான்சிபிள் "ஃபார்", மேனேஜருக்கு ரிப்போர்ட் "டு". டிஸ்கஸ் என்ற வினைக்குப் பின்னால் "அபவுட்" வராது. இந்தத் தப்பு இல்லாத ஆபீஸை நான் இன்னும் பார்க்கவில்லை.

கடைசியில், உங்கள் வேலையையே அதில் வைத்து ஒரு வாக்கியமாக்குங்கள். பட்டறை நோட்டு இப்படி ஆனது: "ஐ ரீகன்சைல்ட் தி சில்வர் வி இஷ்யூட் வித் தி வெயிட் ஆஃப் தி ஃபினிஷ்டு ஆங்க்லெட்ஸ். வென் தேர் வாஸ் எ ஷார்ட்டேஜ், ஐ ட்ரேஸ்ட் இட் டு தி ஸ்லிப்." இன்டர்வியூவில் கேட்டவர் "ஷார்ட்டேஜ் வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று அதையே பிடித்துக்கொண்டார். அவளுக்குத் தெரிந்த விஷயம் என்பதால் பேச்சு நீண்டது.

ஒரு விஷயம்: இங்கே படிக்க வசதியாக எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் தருகிறேன். உங்கள் நோட்டில் ஆங்கில எழுத்தில்தான் எழுத வேண்டும். "பேக்" என்று தமிழில் எழுதி வைத்தால் அது தோளில் மாட்டுவதா, கட்டி அனுப்புவதா, முதுகா என்று மறுநாள் உங்களுக்கே தெரியாது.

படி 4: வாயைத் திறந்து சொல்லுங்கள்

ஆக்ஸ்போர்டு லேர்னர்ஸ், கேம்பிரிட்ஜ் இரண்டு அகராதித் தளங்களும் இலவசம். ஸ்பீக்கர் படத்தைத் தொட்டால் உச்சரிப்பு கேட்கும். எளிய ஆங்கிலத்தில் பொருளும், ஜோடிச் சொல்லோடு எடுத்துக்காட்டும் இருப்பதால் எனக்கு ஆக்ஸ்போர்டுதான் பிடிக்கும். எந்த அசையை அழுத்துகிறார்கள் என்று கவனியுங்கள். "டெவலப்" என்பதில் அழுத்தம் இரண்டாவது அசையில். "ரெக்கார்ட்" பெயர்ச்சொல்லானால் முதல் அசை, வினையானால் இரண்டாவது. அமெரிக்கக்காரர் போல இழுத்துப் பேச வேண்டிய அவசியமே இல்லை.

ஞாபகத்துக்கு அன்கி என்ற ஆப். முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில் என்று அட்டை போட்டுப் படிக்க உதவும். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனுக்கு மட்டும் காசு. மறக்கப்போகும் சமயத்தில் அட்டையைத் திரும்பக் காட்டும். படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் தன்னையே சோதித்துப் பார்த்து 1885-இல் வெளியிட்டார். அதன் வழியில் வந்த யோசனைதான் இது. அடுத்தவர் செய்து வைத்த அட்டைகளை இறக்காதீர்கள். முன்பக்கம் உங்கள் தமிழ் வரி, பின்பக்கம் முழு ஆங்கில வாக்கியம். பார்த்ததும் மனதுக்குள் சொன்னால் கணக்கில்லை, சத்தமாகச் சொல்ல வேண்டும்.

கேள்வி புரியவில்லையா? முழிக்க வேண்டாம். "குட் யூ ப்ளீஸ் ரிப்பீட் தி கொஸ்டின்?" என்று கேட்பதில் தவறே இல்லை. இதற்கும் ஓர் அட்டை போடுங்கள்.

படி 5: ஆஃபர் லெட்டர் சொற்கள்

ப்ரொபேஷன், நோட்டீஸ் பீரியட், ரிலீவிங் லெட்டர் மூன்றும் கேட்டாலே புரிந்துவிடும். சிடிசியில், அதாவது ஒரு வருடத்தில் கம்பெனி உங்களுக்காகச் செலவழிக்கும் மொத்தத் தொகையில் (காஸ்ட் டு கம்பெனி), மட்டும் நிதானம் தேவை. கம்பெனி உங்கள் பெயரில் கட்டும் பிஎஃப் பங்கையும் பொதுவாக அதற்குள்ளேயே சேர்த்துக் காட்டுவார்கள், பல இடங்களில் கிராஜுவிட்டியையும். உங்கள் பங்கு தனியாகப் பிடிக்கப்படும். அதனால் சிடிசியைப் பன்னிரண்டால் வகுத்து வீட்டில் சொல்லிவிடாதீர்கள். "வாட் வில் பி மை டேக்-ஹோம் சேலரி?" என்று எச்ஆரிடம் நேராகவே கேளுங்கள்.

பின்சேர்க்கை

ஏற்காட்டுப் பக்கம் காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருக்கும் ஒருவர், "நான் செக்ரோல்தான் எழுதுகிறேன், இதை வைத்து என்ன சொல்ல?" என்று கேட்டிருந்தார். தோட்டத்துக்கு வெளியே செக்ரோல் என்றால் பலருக்குப் புரியாது. ஆட்களின் வருகையும் கூலியும் பதிவதுதானே அது? "ஐ மெயின்டெயின்டு தி அட்டெண்டன்ஸ் அண்டு வேஜ் ரெக்கார்ட்ஸ்" என்று சொல்லுங்கள். கூடவே எத்தனை ஆட்களுக்கு என்பதையும் சேருங்கள், பழம் பறிக்கும் சீசனில் அது எவ்வளவு கூடும் என்பதையும்தான். எண் இருந்தால் அடுத்த கேள்வி தானாக வரும்.

மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கும்போது சிக்னல் விட்டுவிட்டு வருகிறது என்றும் எழுதியிருந்தார். அட்டைகள் போனிலேயே இருப்பதால் அன்கிக்கு நெட் வேண்டாம். அகராதித் தளத்துக்குத்தான் வேண்டும். உச்சரிப்பை வீட்டிலேயே கேட்டு, உங்கள் குரலில் பதிவு செய்து அட்டையில் சேர்த்துவிட்டுப் பஸ் ஏறுங்கள்.