ஓரியூரின் வரலாற்றையும் பேய்க்கதைகளையும் தொகுக்க விரும்புவோருக்கு

ஒரு திருத்தலத்தின் வரலாற்றையும் அங்கே பேசப்படும் பேய்க்கதைகளையும் சேர்த்து எழுத முற்படுபவர், முதலில் அந்தப் பேய் எந்த ஊர்ப் பேய் என்று கேட்கப் பழக வேண்டும். மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் வட்டாரத்தில் புனிதர் கோயிலுக்குள் பேய் குடியிருப்பதாகப் பொதுவாக எவரும் சொல்வதில்லை. உச்சிப்பொழுதில் புளியமரத்தடியிலோ கண்மாய்க்கரையிலோ ஒருவரைப் பிடித்த பேய், அவரோடு பேருந்தேறி வந்து, புனிதரின் முன்னிலையில் அலறவும் பேசவும் தொடங்குகிறது என்பதே வழக்கமான கதை. ஆகவே ‘பேய் உலவும் ஆலயம்’ என்று தலைப்பிடுவது பரபரப்புக்கு உதவுமே தவிர, மக்கள் நம்புவது எது என்பதைச் சொல்லாது. புனித அருளானந்தர் கொல்லப்பட்ட, இராமநாதபுரம் மாவட்டத்து ஓரியூரை எடுத்துக்காட்டாக வைத்து இந்த வேலையைச் செய்யும் முறையை விளக்குகிறேன்.

பயணம் புறப்படும் முன்பே ஆண்டுகளை உறுதிசெய்துகொள்ளுங்கள். பிறகு கேட்கப்போகும் கதைகளையெல்லாம் மாட்டிவைக்க அவையே ஆணிகள். லிஸ்பனில் 1647-இல் பிறந்த ஜான் தெ பிரிட்டோ இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையில் குருவாகி 1673-இல் இந்தியாவுக்கு வந்தார். அதே சபையின் முன்னோடி ராபர்ட் தெ நோபிலி 1606-இல் மதுரைக்கு வந்து வகுத்த வழியைப் பின்பற்றி, காவி உடுத்தி, புலால் விலக்கி, பண்டாரசாமி என்ற சைவத் துறவியின் கோலத்தில் ஊர் ஊராக நடந்து, அருளானந்தர் என்ற பெயரால் அறியப்பட்டார். 1686-இல் மறவர் சீமை எனப்பட்ட இராமநாதபுரம் நாட்டில் பிடிபட்டு வதைக்கப்பட்ட அவரை, அந்நாட்டு மன்னர் கிழவன் சேதுபதி விடுவித்தார். ஆனால் தம் நாட்டில் மறுபடியும் போதிக்கக் கூடாது என்று தடை விதித்தார். ஐரோப்பா சென்று 1690-இல் திரும்பியவர் அந்தத் தடையை மீறி அதே சீமைக்குப் போனார். 1693 ஜனவரியில் தடியத்தேவர் என்ற மறவர் குலத் தலைவருக்குத் திருமுழுக்குக் கொடுத்தார். ஒரு மனைவியோடு மட்டுமே வாழ வேண்டும் என்ற நிபந்தனையால் தடியத்தேவர் விலக்கிய மனைவியரில் ஒருவர் சேதுபதியின் உறவுப்பெண். அவருடைய முறையீடு அரண்மனைக்குப் போனதும் அருளானந்தர் கைதானார். இராமநாதபுரத்திலிருந்து ஓரியூருக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்டார். அந்த ஆண்டில் அது தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன். 1853-இல் புனிதர் நிலைக்கு முந்தைய அருளாளர் பட்டமும் 1947-இல் புனிதர் பட்டமும் வழங்கப்பட்டன.

இந்த வரலாற்றிலேயே நோயும் குணமும் கலந்திருப்பதைக் கவனிக்கத் தவறாதீர்கள். தடியத்தேவர் கடும் நோயில் கிடந்தபோது உபதேசியார் (மறைக்கல்வி போதிப்பவர்) ஒருவர் வந்து நற்செய்தி வாசித்துச் செபித்ததும் எழுந்தார் என்றும், அதுவே அவரைத் திருமுழுக்குக்கு இட்டுச்சென்றது என்றும் மரபு சொல்கிறது. அதாவது, ஓரியூர்க் கொலைக்கு இட்டுச்சென்ற நிகழ்ச்சிகளின் தொடக்கத்திலேயே ஒரு குணமளிப்புக் கதை இருக்கிறது. மறுபுறம், தடியத்தேவர் அரியணைக்கு உரிமை பேசக்கூடிய குடும்பத்தவர் என்ற செய்தியும் உண்டு. அதைச் சேர்த்துப் பார்த்தால், விலக்கப்பட்ட மனைவியின் முறையீட்டை மட்டும் காரணமாகக் காட்டும் வழக்கமான பிரசங்கக் கதை எனக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை. புதிய தொகுப்பாளர் இரண்டையும் பதிவு செய்ய வேண்டும்.

ஆவணங்களைப் படிக்கும்போது, எழுதியவர் நேரில் கண்டாரா, கேட்டு எழுதினாரா என்பதை ஒவ்வொரு பத்திக்கும் குறித்துக்கொள்ளுங்கள். இயேசு சபையின் மறைப்பணி அமைப்பான மதுரை மிஷனின் அன்றைய தலைவர் பிரான்சிஸ் லைனெஸ் அடிகளார், கொலை நடந்த அதே பிப்ரவரியில் எழுதிய கடிதம் நிகழ்ச்சிக்கு மிக நெருக்கமானது. ஆனால் அவர் கொலைக்களத்தில் இல்லை, பிறர் சொல்லக் கேட்டே எழுதினார். மிஷன் குருக்களின் கடிதங்கள் ஐரோப்பிய வாசகர்களை நெகிழவைக்கவும் உதவி திரட்டவும் பயன்பட்டவை என்பதால், பேய் பிடித்தவர் திருமுழுக்குப் பெற்று விடுபட்ட கதைகள் அவற்றில் நிறைய வரும். கடிதத்தில் இருப்பது வரலாறு, வாய்மொழியில் இருப்பது கட்டுக்கதை என்று பிரித்துவிட்டால், 300 ஆண்டுப் பழைய பேய்க்கதைக்கு மட்டும் வரலாறு என்ற மரியாதை கிடைத்துவிடும்.

ஓரியூரில் முதலில் காட்டப்படுவது செம்மண். புனிதரின் இரத்தம் பட்டுச் சிவந்தது என்று நம்பும் பக்தர்கள் அதை நெற்றியில் பூசுகிறார்கள், பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள், நோயுற்றவர் மீது தடவுகிறார்கள். திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காடுகளிலும் செம்மணல் உண்டு. இரும்பு ஆக்சைடு மணல்துகளின் மேல் படிவதால் அந்த நிறம் வருகிறது. இதை ஒரு வரியில் எழுதிவிட்டு மேலே செல்லலாம், பக்தரிடம் வாதாட வேண்டியதில்லை. அந்த மண்ணை யார் கேட்டு வாங்கிவரச் சொன்னார்கள், எந்தக் குறைக்காக, குணமானபின் என்ன நேர்ச்சை செலுத்தினார்கள் என்று விசாரிப்பதே பயன் தரும். கிடா வெட்டுவதும் மொட்டையடிப்பதும் தென்னங்கன்று நேர்ந்து கொடுப்பதும் இங்கே நடக்கின்றன. செய்பவர்களில் இந்துக்கள் பலர். குலசாமி கோயிலுக்குச் செய்யும் அதே முறையை இங்கும் செய்கிறார்கள் என்பது பேய்க்கதைகளைப் புரிந்துகொள்ளத் தேவையான பின்னணி.

பேய் பிடித்தவர்களைக் கொண்டுவரும் வழக்கத்துக்குத் தென்மாவட்டங்களில் பெயர்பெற்ற தலம் தூத்துக்குடி மாவட்டத்துப் புளியம்பட்டி அந்தோணியார் கோயில். எந்தத் தலமானாலும் கதையின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றே. தூக்கிட்டவர், கிணற்றில் விழுந்தவர், கொலையுண்டவர், பிள்ளைப்பேற்றில் இறந்தவர் என ஆயுள் முடியாமல் போனவரே பேயாகிறார். பெரும்பாலும் இளம்பெண்ணைப் பிடிக்கிறார். தலைவிரித்து ஆடும்போது, நீ யார், எந்த ஊர், எங்கே பிடித்தாய், என்ன கேட்கிறாய் என்ற கேள்விகளுக்கு அந்தப் பெண்ணின் வாயால் பதில் சொல்கிறார். இந்தப் பதில்களே உங்கள் தொகுப்பின் கனமான பகுதி. பதிவேட்டிலோ செய்தித்தாளிலோ இடம்பெறாத சாவுகள், வரதட்சணைக் கொடுமை, சாதி மாறிய காதல், பாகப்பிரிவினைச் சண்டை ஆகியவை அவற்றில் வெளிப்படும். பேய் சொன்ன பெயரை உண்மைச் சாவு என்று எழுதிவிடாமல், ‘இவ்வாறு சொல்லப்பட்டது’ என்ற வடிவிலேயே குறிக்க வேண்டும்; ஒரு குடும்பத்தின் மேல் கொலைப்பழி சுமத்தும் பேச்சாக இருந்தால் வெளியிடவே வேண்டாம்.

கேட்கும் முறைக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. ஆடிக்கொண்டிருப்பவரிடம் எதுவும் கேட்கக் கூடாது. ஆட்டம் ஓய்ந்து, குடும்பத்தார் சாப்பிட்டு இளைப்பாறியபின், வயதில் மூத்த பெண்ணிடம் “அம்மா, எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள்?” என்று தொடங்கினால் போதும், பேயைப் பற்றி நீங்கள் கேட்பதற்கு முன் அவர்களே சொல்வார்கள். இதற்கு முன் உடுக்கடித்துக் குறிசொல்லிப் பேயோட்டும் எந்தக் கோடாங்கியிடம் போனார்கள், எந்த மருத்துவரிடம் காட்டினார்கள், எவ்வளவு செலவாயிற்று என்பதையும் கேளுங்கள். பாதிக்கப்பட்டவரைக் கைபேசியில் படம் பிடிக்காதீர்கள். ஒரு சிறு காணொளி ஊருக்குள் சுற்றினால் அந்தப் பெண்ணின் திருமணப் பேச்சே நின்றுபோகும். பெயரையும் ஊரையும் மாற்றியே எழுத வேண்டும்.

பங்குத்தந்தையிடம் பேசும்போது, மக்கள் செய்யும் பேயோட்டலையும் திருச்சபையின் சடங்கையும் பிரித்துக் கேளுங்கள். திருச்சபைச் சட்டத்தின் 1172-ஆம் விதிப்படி, ஆயரின் வெளிப்படையான தனி அனுமதி இல்லாமல் எந்தக் குருவும் பேய் பிடித்தவர் மேல் பேயோட்டும் சடங்கு நடத்த முடியாது; 1999-இல் வெளியிடப்பட்ட சடங்குமுறை மனநோயையும் பேய்பிடித்தலையும் குழப்பிக்கொள்ளாதிருக்க எச்சரிக்கிறது. கோயில் வளாகத்தில் தன்னிச்சையாக நடப்பதை ‘கத்தோலிக்கப் பேயோட்டல்’ என்று எழுதினால் தவறாகும்.

எவரையேனும் சங்கிலியால் கட்டிவைத்திருப்பதைக் கண்டால், குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டு உதவி தேடுங்கள். ஓரியூர் இருக்கும் அதே இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், தர்காவை நம்பி வந்து தனியார் காப்பகத்தில் சங்கிலியிடப்பட்டிருந்தவர்கள் தீயிலிருந்து தப்ப முடியாமல் மாண்டார்கள். இறந்தோர் 28 பேர். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை முற்றிலும் தடைசெய்கிறது. மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு என்று குடும்பத்தாருக்குச் சொல்லலாம். வேண்டுதலைக் கைவிடுமாறு சொல்லாமல், இரண்டையும் செய்யலாம் என்று சொன்னால் காதுகொடுப்பார்கள்.

எழுத உட்காரும்போது ஆவணச் செய்தி, கோயில் மரபு, வாய்மொழி ஆகிய மூன்றையும் வெவ்வேறு மையில் குறித்துவைத்திருந்தால் வேலை பாதியாகக் குறையும். வாய்மொழிக் குறிப்பு ஒவ்வொன்றின் தலைப்பிலும் நாள், கிழமை, சொன்னவரின் ஏறத்தாழ வயது, எந்த வட்டத்திலிருந்து வந்தவர் என்பவை இருக்கட்டும். பிப்ரவரித் திருநாள் கூட்டத்தில் கேட்ட கதையும் கூட்டமில்லாத நாளில் கேட்ட கதையும் நீளத்திலும் துணிவிலும் வேறுபடும்; இரண்டு வகையிலும் சில கதைகளாவது கைக்கு வந்தபின் எழுதத் தொடங்குங்கள்.