எம்.எஸ். நோய்க்குக் கழுத்துச் சிரைச் சிகிச்சை: கிளினிக்குக்குப் பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

கழுத்துச் சிரையை (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாயை) பலூன் வைத்து விரித்தால், மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் நரம்பு நோயான மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) குறையும் என்று சொல்லும் கிளினிக்கிலிருந்து உங்களுக்குக் கட்டண விவரம் வந்திருக்கலாம், அல்லது தெரிந்தவர் யாராவது போய்வந்து "சோர்வு போயே போச்சு" என்று சொல்லியிருக்கலாம். எந்த இடம் நல்ல இடம் என்று பார்ப்பதற்கு முன்னால் ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். இந்தச் சிகிச்சையால் எம்.எஸ்.-க்குப் பலன் இல்லை என்று முறையான ஆய்வுகளில் தெரிந்து பல வருடமாகிறது. அதனால் இங்கே கிளினிக் தேர்வு என்பது பெரும்பாலும் கழித்துக்கட்டும் வேலைதான், ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டுக்கொண்டே போனால் கடைசியில் பட்டியலில் ஒன்றும் மிஞ்சாமல் போகலாம். அப்படிப் போனால் போகட்டும்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: இத்தாலியின் ஃபெராரா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரத்தக்குழாய் அறுவை மருத்துவர் பாவ்லோ சம்போனி, எம்.எஸ். உள்ளவர்களுக்கு மூளையிலிருந்து ரத்தம் வடியும் சிரைகள் சுருங்கியிருக்கின்றன, அதனால் இரும்புச்சத்து தேங்கி மூளை பாதிக்கப்படுகிறது என்றார். அவர் மனைவிக்கே எம்.எஸ். இருந்தது. அந்தச் சுருக்கத்துக்கு சி.சி.எஸ்.வி.ஐ. என்று பெயர் வைத்து, 65 பேருக்குப் பலூன் சிகிச்சை செய்து 2009-இல் முடிவை வெளியிட்டார். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு கிடையாது, எல்லாருக்கும் தங்களுக்கு என்ன செய்யப்பட்டது என்று தெரியும். அதே வருடம் கனடாவில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இது வந்ததும் ஆயிரக்கணக்கானவர்கள் போலந்து, கோஸ்டாரிகா, மெக்சிகோ என்று கிளம்பிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முதலிலிருந்தே ஏறிக்கொண்டே போகும் வகை எம்.எஸ். உள்ளவர்களுக்கு அப்போது அங்கீகரிக்கப்பட்ட மருந்து ஒன்றுகூட இல்லை.

சரி, இப்போது கிளினிக்கிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "2017, 2018 ஆய்வுகளைப் பற்றி உங்கள் பதில் என்ன?" 2017-இல் வெளியான இத்தாலிய ஆய்வு சம்போனியே நடத்தியது. 115 பேரில் 76 பேருக்கு உண்மையான பலூன் சிகிச்சை, மீதிப் பேருக்குக் குழாயை உள்ளே விட்டு எடுத்தது மட்டும், யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மதிப்பிட்ட மருத்துவருக்கும் தெரியாது. ஒரு வருடம் கழித்து இரு குழுவுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை, இதைப் பரிந்துரைக்க முடியாது என்று அவர்களே எழுதினார்கள். கனடாவில் 104 பேரிடம் இதேபோல் செய்த ஆய்வு 2018-இல் வெளியானது, அதிலும் பலன் இல்லை. ஒரு யோசனையைத் தொடங்கிவைத்தவரே சோதித்துப் பார்த்துவிட்டு வேலை செய்யவில்லை என்று சொல்வது மருத்துவத்தில் அடிக்கடி நடக்காது, அதற்காக அவரைப் பாராட்டலாம். ஆனால் கிளினிக்காரர் "அவர்கள் செய்த விதம் தவறு, எங்கள் முறை வேறு" என்று சொன்னால், அந்த வேறு முறையை ஒப்பீட்டுக் குழு வைத்துச் சோதித்த ஆய்வை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்தது.

இரண்டாவது கேள்வி எனக்குப் பிடித்தது: "உங்களிடம் ஸ்கேன் எடுத்தவர்களில் எத்தனை பேரை, சிரை நன்றாக இருக்கிறது, சிகிச்சை வேண்டாம் என்று திருப்பி அனுப்பினீர்கள்?" கழுத்துச் சிரையின் சுவர் மெல்லியது. படுத்தால் விரியும், உட்கார்ந்தால் சுருங்கும், மூச்சை இழுத்தால் மாறும், ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் கருவியைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே நசுங்கும். அதனால் சுருக்கத்தைத் தேடுகிறவர் கண்ணுக்குச் சுருக்கம் தெரியும். 2013-இல் லான்செட் இதழில் வந்த கனடிய ஆய்வில், பாதிக்கு மேல் சுருங்கிய சிரை எம்.எஸ். உள்ளவர்களில் 74 சதவீதம் பேருக்கு இருந்தது, கேட்டால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் நோயில்லாத உடன்பிறந்தவர்களில் 66 சதவீதம், சம்பந்தமே இல்லாத ஆரோக்கியமானவர்களில் 70 சதவீதம். இத்தாலியில் ஆயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்டவர்களை, யாருக்கு நோய் என்று தெரியாத நிபுணர்களை வைத்துப் பார்த்தபோது, சி.சி.எஸ்.வி.ஐ. எம்.எஸ். உள்ளவர்களில் சுமார் 3 சதவீதம் பேருக்கும், ஆரோக்கியமானவர்களில் சுமார் 2 சதவீதம் பேருக்கும்தான் தென்பட்டது. வந்த எல்லாருக்கும் அடைப்பைக் கண்டுபிடிக்கும் இடம் பணம் கட்டும் எல்லாருக்கும் கண்டுபிடிக்கிறது, அவ்வளவுதான்.

"இது ஆராய்ச்சி, நீங்களும் பங்கெடுக்கலாம்" என்று சொன்னால் யார் பணம் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். உண்மையான மருத்துவ ஆய்வில் சோதனைச் சிகிச்சைக்குப் பொதுவாக உங்களிடம் காசு வாங்க மாட்டார்கள். ஆய்வுத் திட்டம் எழுத்தில் இருக்கும், கிளினிக்கோடு பண உறவு இல்லாத நெறிமுறைக் குழு அனுமதித்திருக்கும், எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று சம்மதப் படிவத்தில் போட்டிருக்கும். மருத்துவ ஆய்வுகளின் பொதுப் பதிவேட்டில் ஒரு எண் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து ஏமாற வேண்டாம், பதிவு செய்வது வேறு, அங்கீகாரம் வேறு, கட்டணம் வாங்கும் கிளினிக்குகளும் பதிவு செய்துவைத்துக்கொள்ளலாம்.

ஸ்டென்ட் (ரத்தக்குழாய் மூடாமலிருக்க உள்ளே வைக்கும் சின்ன வலைக்குழல்) வைப்போம் என்று ஒரு வார்த்தை வந்தால் எழுந்து வந்துவிடுங்கள், இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. இதயத்திலிருந்து விலகிப் போகப்போகத் தமனி குறுகிக்கொண்டே போகும், சிரையோ இதயத்தை நோக்கி வரவர அகலமாகும், ரத்தமும் அந்தப் பக்கம்தான் ஓடும். அதனால் கழுத்துச் சிரையில் வைத்த ஸ்டென்ட் நழுவினால் நேராகப் போய்ச் சேருமிடம் இதயம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் அப்படி ஒருவருக்கு நழுவித் திறந்த இதய அறுவை செய்ய வேண்டியிருந்தது. சிகிச்சைக்குப் பிறகு ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிட்டுவந்த இன்னொருவர் மூளையில் ரத்தம் கசிந்து இறந்தார். 2009 இறுதியில் அங்கே இந்தச் சிகிச்சையை நிறுத்திவிட்டார்கள். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2012 மே மாதம் வெளியிட்ட எச்சரிக்கையில் மரணம், பக்கவாதம், ரத்தக்கட்டி, நரம்புச் சேதம், வயிற்றுக்குள் ரத்தக்கசிவு எல்லாம் இருக்கிறது. பலூன் மட்டும் போதும் என்பவர்களிடமும், சிரை கிழிந்தால் அல்லது அடைத்துக்கொண்டால் அறுவை செய்யும் வசதி அதே கட்டடத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். பக்கத்து ஆஸ்பத்திரியோடு ஏற்பாடு இருக்கிறது என்றால் அந்த ஆஸ்பத்திரியையே கூப்பிட்டு விசாரியுங்கள்.

வெளிநாடு போவதாக இருந்தால் திரும்பி வந்த பிறகு யார் பார்ப்பார்கள் என்பதை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். கனடாவில் பலருக்கு இதுதான் பெரிய தலைவலியானது: போன இடத்தில் இரண்டு மூன்று நாளில் அனுப்பிவிட்டார்கள், ஊருக்கு வந்து கழுத்து வலித்தால் உள்ளூர் மருத்துவர்கள் தொடத் தயங்கினார்கள். என்ன செய்தார்கள், எந்தச் சிரையில், எந்த அளவு பலூன், எவ்வளவு அழுத்தம், எந்த உறைவுத் தடுப்பு மருந்து எவ்வளவு நாள் என்று எழுத்தில் வாங்காமல் வரவே கூடாது, படங்களின் நகலும் வேண்டும்.

அப்புறம் இந்த அனுபவ வீடியோக்கள். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. வந்து வந்து போகும் வகை எம்.எஸ்.-இல் மோசமான கட்டம் தானாகவே அடங்கும், அந்த மோசமான கட்டத்தில்தான் மனிதன் டிக்கெட் போடுகிறான், அடங்கும்போது சிகிச்சைக்குப் பெயர் போகிறது. சோர்வும் மந்தமும் நம்பிக்கையால் கொஞ்ச நாளைக்கு உண்மையாகவே குறையும். அதனால் கிளினிக் எதை அளக்கிறது என்று கேளுங்கள். உங்கள் சொந்த நரம்பியல் மருத்துவர் இ.டி.எஸ்.எஸ். என்ற 0 முதல் 10 வரையான அளவில் முன்பும் பின்பும் மதிப்பிட்டால் அது அளவீடு. கிளினிக் ஊழியர் மறுநாள் காலையில் கேமராவோடு வந்து "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் அது விளம்பரம்.

எம்.எஸ். மருந்தை நிறுத்திவிட்டு வரச் சொன்னால் ஒப்புக்கொள்ளவே வேண்டாம். குறிப்பாக நடாலிசுமாப், ஃபிங்கோலிமாட் இரண்டையும் திடீரென்று விட்டால் நோய் முன்பைவிட வேகமாகத் திருப்பி அடிக்கலாம்.

பெயர் மாறி வருவதையும் கவனியுங்கள். சி.சி.எஸ்.வி.ஐ. என்ற பெயர் கெட்டுப்போன பிறகு, தன்னியக்க நரம்பு மண்டலத்தைச் சரிசெய்கிறோம் என்று வேறு பெயரில் கழுத்துச் சிரைக்குள் அதே பலூன் போனது, அதற்கும் 2017 மார்ச்சில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் தனியாக எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று. ஸ்டெம்செல் பக்கமும் இதே குழப்பம் உண்டு. கீமோதெரபி கொடுத்து நோயெதிர்ப்பு மண்டலத்தைப் புதிதாகக் கட்டியெழுப்பும் ரத்த ஸ்டெம்செல் மாற்று, பெரிய மருத்துவமனைகளில் தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்குச் செய்யப்படும், ஆய்வு பலமுள்ள சிகிச்சை. கொழுப்பிலிருந்து ஸ்டெம்செல் எடுத்து ஊசியில் போட்டு அன்றே வீட்டுக்கு அனுப்புவது அது இல்லை.

இத்தனைக்குப் பிறகும் மனம் கேட்கவில்லை என்றால், முன்பணம் கட்டும் முன் உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் ஒரு முறை உட்கார்ந்து "என் வகை எம்.எஸ்.-க்கு இப்போது என்ன மருந்து இருக்கிறது, நான் எதையெல்லாம் இன்னும் முயன்று பார்க்கவில்லை, எந்த ஆய்வில் என்னைச் சேர்ப்பார்கள்?" என்று இந்த மூன்றையும் கேளுங்கள். முதலிலிருந்தே ஏறிக்கொண்டு போகும் வகைக்கு அமெரிக்காவில் 2017-இல் ஆக்ரெலிசுமாப் அங்கீகரிக்கப்பட்டது, நோயின் வேகத்தைக் குறைக்கும் என்று காட்டி அந்த வகைக்கு வந்த முதல் மருந்து அது. சில வருடங்களுக்கு முன்னால் "உங்களுக்கு ஒன்றும் இல்லை" என்று கேட்டுவிட்டு மருத்துவரிடம் போவதையே நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் அந்தப் பதிலை மறுபடி போய்க் கேட்டுப் பார்க்க வேண்டும்.