பெயருக்குள் ஒரு பூச்சி

சனிக்கிழமை காலையில் எங்கள் வீட்டு மாடியில் பன்னிரண்டு பிள்ளைகள் படம் வரைய வருவார்கள். "மிஸ், எனக்கு வரையவே வராது" என்று செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடுகிறவர்களும் அதில் உண்டு. அவர்களுக்காகத்தான், மடித்த தாளில் பெயரை எழுதி வெட்டிச் செய்கிற இந்தக் காகிதப் பூச்சி. பெயர் எழுதத் தெரிந்தால் போதும்.

ஏ4 தாளை நீளவாக்கில் இரண்டாக மடியுங்கள். சார்ட் வேண்டாம், மடித்த சார்ட்டைச் சின்னக் கைகளால் வெட்ட முடியாது. மடிப்பு, பிள்ளையின் வயிற்றுப் பக்கம் இருக்கட்டும். முதல் வருஷம் இதைச் சொல்ல மறந்துவிட்டேன். பாதிப் பேர் திறந்த ஓரத்தில் எழுதி, மடிப்பையே வெட்டிவிட்டார்கள். பிரித்தால் ஆளுக்கு ரெண்டு அரைப்பூச்சி. ஒரு குட்டி அழுதே விட்டாள். இப்போதெல்லாம் மடிப்பு ஓரமாக முதலில் சிவப்புக் கோடு போடச் சொல்கிறேன். அதுதான் தரை.

அந்தத் தரையில் நிற்கிற மாதிரி, ஆறேழு செ.மீ. உயரத்துக்குக் குண்டு குண்டாகப் பெயரை எழுத வேண்டும். ஆயில் பேஸ்டல் நல்லது, ஏன் என்று பிறகு தெரியும். நம் எழுத்துகள் லேசில் அடங்காது. 'குமரன்' என்றால் 'கு'வின் வாலும் 'ர'வின் காலும் தரைக்குக் கீழே இறங்கும், மேலேயே சுருட்டிவிடுங்கள். 'ன்' மேல் உள்ள புள்ளி தனியாக மிதக்கும். வெட்டும் கோடு அதையும் வளைத்துக்கொண்டு போகாவிட்டால் புள்ளி குப்பைக்கூடைக்குத்தான்.

எழுத்திலிருந்து சுண்டுவிரல் அகலம் தள்ளிக் கோடு போட்டு வெட்டுங்கள். கத்தரிக்கோல் அப்படியே இருக்க, தாளைத்தான் திருப்ப வேண்டும். மடிப்பில் கத்தரி படவே கூடாது.

பிரித்து, எழுத்து உள்ளே போகும்படி மறுபடி மடித்து, ஸ்பூன் முதுகால் அழுத்தித் தேயுங்கள். பேஸ்டல் மறுபாதியில் மங்கலாக ஒட்டியிருக்கும். அதன்மேல் எழுதிக் கருப்பாக்கலாம். முதல் எழுத்துதான் தலை; அது மேலே வரும்படி நிமிர்த்திப் பிடித்தால் பெயர் காணாமல் போய் வண்டு வந்திருக்கும். 'தேவி'யின் இரட்டைக்கொம்பு ரெண்டு பக்கமும் சுழித்துக் கண்ணாகிவிடும். 'மீனா'வின் 'மீ' தோளுக்கு மேல் முட்டிக்கொண்டு நிற்கும்.

வண்ணத்தை ஒரு பக்கம் தீட்டியதும் உடனே மறுபக்கமும் தீட்டச் சொல்லுங்கள்; பிறகு செய்யலாம் என்றால் மறந்துபோகும்.

மூன்று மெல்லிய காகிதப் பட்டைகளைத் தாளின் பின்பக்கமாகக் குறுக்கே ஒட்டினால் ஆறு கால். மூன்றும் நடுப்பகுதியில்தான், பூச்சிக்கு வயிற்றில் கால் கிடையாது. ஒரு பையன் நாலு பட்டை ஒட்டினான். சிலந்தி பூச்சியில்லையடா என்றேன். "பிறகு ஏன் மிஸ் எட்டுக்கால் பூச்சின்னு சொல்றோம்?" என்றான். நாலும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

காய வைத்த பிறகு எது யாருடையது என்று சண்டை வந்தால், பூச்சியின் தலையை இடப்பக்கம் திருப்பி, மேல்பாதியைப் படித்துப் பாருங்கள்.