ட்ரான்ஸ்ஃபர் சண்டைல எறங்குறதுக்கு முன்னாடி காண்ட்ராக்ட்ட பாருங்க: யுனைடெட் ஃபேன்ஸுக்கு

நம்ம மான்செஸ்டர் யுனைடெட் ஃபுட்பால் டீமோட ஆளுங்க நாலு பேரு எங்க கூடுனாலும் பேச்சு ரெண்டுதான், இந்த பிளேயர வாங்கு, அந்த மேனேஜர தூக்கு. 2013ல ஃபெர்குசன் மேனேஜர் வேலைய விட்டுப் போனதுக்கப்புறம் மோயஸ், வான் ஹால், மொரின்யோ, சோல்ஷேர், ராங்னிக், டென் ஹாக், அமோரிம்னு ஆளு மாறிட்டே இருக்கு, பேச்சு மட்டும் மாறவே இல்ல. தாராளமா பேசுங்க, ஆனா ஒரு பேரு அடிபட்டா யூட்யூப்ல ஸ்கில்ஸ் வீடியோ தேடுறதுக்கு முன்னாடி காண்ட்ராக்ட் எத்தன வருஷம், சம்பளம் எவ்ளோன்னு பாருங்க, பாதி சண்ட அங்கயே முடிஞ்சிரும்.

எப்படின்னா, ஒரு பிளேயர வாங்குன வெலைய கிளப் ஒரே வருஷ செலவா எழுதாது, காண்ட்ராக்ட் வருஷத்தால வகுத்துதான் எழுதும். ஆன்டனிய எடுத்துக்கோங்க. 2022ல அயாக்ஸ்ல இருந்து வாங்குனப்போ சுமார் 81 மில்லியன் பவுண்டு, அஞ்சு வருஷ காண்ட்ராக்ட், அப்போ வருஷத்துக்கு 16 சொச்சம். மூணு வருஷம் கழிச்சு 2025ல கணக்குல இன்னும் 32 மில்லியன் கிட்ட மிச்சம் நிக்குது, ஸ்பெயின் கிளப் ரியல் பெட்டிஸ் குடுத்தது அட்-ஆன் (பின்னாடி நல்லா ஆடுனா தர்ற கூடுதல் பணம்) எல்லாம் சேத்து 20 சொச்சம்தான். வித்தாலும் நஷ்டம், வெச்சுக்கிட்டாலும் சம்பளம். "அடிமாட்டு வெலைக்காவது தள்ளி விடுங்கடா"ன்னு நாம கத்துறப்போ கிளப் ஏன் மொதல்ல லோன்ல, அதாவது கொஞ்ச நாளைக்கு வேற டீமுக்கு இரவலா, அனுப்பிப் பாக்குதுன்னு இப்ப கொஞ்சம் புரியும்.

இதுக்கு நேர் எதிர் மெக்டாமினே. நம்ம கிளப்போட அகாடமில சின்ன வயசுல இருந்து வளந்த பையன், கணக்குல அவன் வெல சைபர், 2024ல இத்தாலி கிளப் நாப்போலி குடுத்த சுமார் 25 மில்லியன் பவுண்டு மொத்தமும் லாபம்தான். சொந்தமா வளத்த பையன் பேரு விக்கிற லிஸ்ட்ல மொதல்ல வர்றதுக்கு இதான் காரணம், பாசம் இல்லாம இல்ல. அவன் அங்க போயி மொத சீசன்லயே இத்தாலி லீக்கான சீரி ஆ கப்படிச்சு லீக்கோட பெஸ்ட் பிளேயர் அவார்டும் வாங்கிட்டான். கணக்கு கரெக்ட்டுதான், வயித்தெரிச்சல் அடங்கல.

இதெல்லாம் ஆடிட்டர் பாக்குற வேலைன்னு தள்ளிடாதீங்க. மூணு வருஷத்துல 105 மில்லியன் பவுண்டுக்கு மேல நஷ்டம் காட்டக்கூடாதுன்னு பிரீமியர் லீக்ல அப்போ இருந்த விதிய மீறுனதுக்கு எவர்ட்டன் கிளப்புக்கு 2023 நவம்பர்ல 10 பாயிண்ட் வெட்டுனாங்க, அப்பீல் போனப்புறம் அது 6 ஆச்சு.

அப்புறம் ஃப்ரீயா வர்றான்னு யாராச்சும் குதிச்சா சான்செஸ ஞாபகப்படுத்துங்க. 2018 ஜனவரில மிகித்தாரியன அர்செனலுக்கு குடுத்துட்டு கூட்டிட்டு வந்தோம், ட்ரான்ஸ்ஃபர் ஃபீஸ் கிடையாது, ஆனா சம்பளம் டீம்லயே உச்சம். அடிச்சது மொத்தம் அஞ்சு கோல். இன்டர் மிலானுக்கு லோன்ல அனுப்புன பிறகும் சம்பளத்துல ஒரு பங்க நாமதான் கட்டுனோம், இன்னும் ஆறல.

மேனேஜர் விஷயத்துல காண்ட்ராக்ட் மட்டும் பாத்தா ஏமாந்துருவீங்க. டென் ஹாக் எஃப்.ஏ. கப் ஜெயிச்சதும் 2024 ஜூலைல காண்ட்ராக்ட நீட்டிச்சாங்க, டி லிக்ட், மஸ்ரௌயி, உகார்ட்டே, ஸிர்க்ஸீ, யோரோன்னு வாங்கிக் குவிச்சாங்க, அக்டோபர்ல ஆள அனுப்பிட்டாங்க. அவருக்கு நஷ்ட ஈடும் குடுக்கணும், அவருக்காக வாங்குன டீம வெச்சு புதுசா வர்றவரு ஓட்டவும் செய்யணும். அதனால புது மேனேஜர் பேரு வந்தா ஒரு பேப்பர் எடுத்து அவரு ஃபார்மேஷன போட்டு இருக்குற ஆளுங்க பதினோரு பேர எழுதிப் பாருங்க. அமோரிம் வந்தப்போ 3-4-3 (பின்னாடி மூணு, நடுவுல நாலு, முன்னாடி மூணு) போட்டு எழுதுனா விங்பேக், அதாவது ஓரத்துல தடுக்கவும் ஏறி ஆடவும் வேண்டிய ஆளு, எடத்துல பேனா அப்படியே நின்னுரும், கர்னாச்சோ, ராஷ்ஃபோர்ட், ஆன்டனின்னு ஓரத்துல ஏறி அட்டாக் மட்டும் பண்ற விங்கருங்க பேப்பருக்கு வெளிய வரிசைல நிப்பாங்க. அந்த சீசன் 42 பாயிண்டோட 15வது எடம், பில்பாவோல நடந்த யூரோப்பா லீக் ஃபைனல்லயும் டாட்டன்ஹாம் கிட்ட 1-0ன்னு தோல்வி. எல்லாத்துக்கும் ஃபார்மேஷன் மட்டும்தான் காரணம்னு சொல்ல வரல, ஆனா சீசன் நடுவுல ஆள மாத்துனா என்ன ஆகும்னு அந்த பேப்பர்லயே தெரிஞ்சிருக்கும்.

கடைசியா, ட்ரான்ஸ்ஃபர் முடிஞ்சுதுன்னு ஃபப்ரிசியோ ரொமானோங்குற ரிப்போர்ட்டர் போடுற "ஹியர் வி கோ" வந்தாச்சுன்னு ஜெர்சில பேரு அடிக்க ஆர்டர் குடுத்துடாதீங்க. 2015 ஆகஸ்ட் 31, நம்ம கோல்கீப்பர் டி கேயா ரியல் மாட்ரிட் போறது, அவங்க கோல்கீப்பர் நவாஸ் இங்க வர்றது எல்லாம் பேசி முடிச்சாச்சு, பேப்பர் நேரத்துக்கு போய்ச் சேரல, ஸ்பெயின்ல ட்ரான்ஸ்ஃபர் விண்டோ (ஆளு வாங்க விக்க விட்ட காலக்கெடு) மூடிருச்சு. ரெண்டு கிளப்பும் மாத்தி மாத்தி பழி போட்டு அறிக்கை விட்டுட்டு இருந்துச்சு, டி கேயா செப்டம்பர்லயே நம்ம கூட புது காண்ட்ராக்ட் போட்டுட்டாரு. கிளப்போட சொந்த பக்கத்துல ஆளு ஜெர்சிய புடிச்சிட்டு நிக்கிற போட்டோ வரட்டும், ஆர்டர அப்புறம் போட்டுக்கலாம்.